வெள்ளிக்கிழமையிலிருந்து இங்கேஜ்

என் கணவர் ஒஸ்வல்ட் இரண்டு முறை இறந்தார். முதல் முறை இன்டர்நெட்டினால்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை த்ரீவீலில் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர் புஹாரி. தெரிந்த ஒருவர் கேட்டாரென்று வண்டியை ஒருநாள் இரவலாகக் கொடுத்தார். அந்த மனிதர் அதில் திருட்டுத் தேக்கங்குற்றிகளை ஏற்றிக்கொண்டு வந்து மாத்தளைக்குப் பக்கத்தில் பிடிபட்டார். அப்படிப் பிடிபட்ட வாகனத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொந்தக்காரர் காட்டினால்தான் தப்பும். வழக்கை ஒஸ்வல்ட் எடுத்திருந்தார்.

“சேர், பொலிஸ்ல நிக்கிற என் வண்டிக்குள்ள கோழி முட்ட போடுது,” என்றார் புஹாரி. “இன்னும் கொஞ்ச நாள் போனா குஞ்சையும் சேர்த்துத்தான் மீட்கணும்.”

திங்கட்கிழமை விசாரணை. இதே மாதிரி வழக்கொன்றில் வண்டிக்காரருக்குச் சாதகமாகக் கொழும்பில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்திருக்கிறது என்று சொன்னவர் சண்முகராஜா. அவரும் வழக்கறிஞர், ஒஸ்வல்டின் நண்பர்.

“தீர்ப்புப் புத்தகத்துல வர இன்னும் ஒரு வருசமாகும் ஒஸ்வல்ட். இன்டர்நெட்டுல போட்டிருக்காங்களாம்.”

அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். அதைத் தூசி படாமல் துணி போட்டு மூடுவதைத் தவிர வேறொன்றும் அதுவரை நாங்கள் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒஸ்வல்ட் துணியை எடுத்தார். தொலைபேசிக் கம்பியைக் கழற்றி அதில் செருகினார். பூனையைத் தகர டின்னுக்குள் போட்டு உலுக்கினாற்போல் ஒரு சத்தம் வந்தது. பிறகு நீதிமன்றத்தின் இணையப் பக்கம் திரையில் நெற்றியிலிருந்து கீழே மெதுவாக இறங்கி வந்தது.

தீர்ப்போ அதைவிட மெதுவாக இறங்கியது. முக்கால்வாசி வந்ததும் லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. காத்திருக்கும் நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியத் தீர்ப்புகள், இங்கிலாந்துச் சட்டங்கள், எங்கள் பாராளுமன்றத்தில் யார் யாரைத் திட்டினார் என்ற விவரம், எல்லாம் படித்தார்.

“மார்கிரட், இங்க பாரு! ஆஸ்திரேலியாவுல ஒருத்தன் கங்காருவுக்கு எதிரா நட்டஈடு கேட்டிருக்கான்.”

“கெடைச்சிச்சா?”

“அந்தப் பக்கம் தெறக்க மாட்டேங்குது.”

சனிக்கிழமை சோற்றுக்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஞாயிறு பூசைக்கு வரவில்லை. “கர்த்தருக்கு லைன் அறுந்து போற கஷ்டம் தெரியும்,” என்றார். தொலைபேசி ஒன்று வீட்டில் இருந்தது என்பதே எங்கள் இருவருக்கும் மறந்துபோனது.

குவைத்தில் இருந்த என் தங்கை டொறீனுக்கு மறக்கவில்லை. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறவள். வெள்ளி இங்கேஜ், லைன் வேறு பேச்சில் இருக்கிற சத்தம். சனி இங்கேஜ். ஞாயிறும் இங்கேஜ். எண்பத்து மூன்று கலவரத்தில் அப்பாவின் கடையை எரித்தபோது அவள் கொழும்பிலிருந்து இப்படித்தான் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தொலைபேசி கிடைக்கவில்லை என்றால் நல்லதாக எதையும் நினைக்க எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் வராது. அவள் நாவுலயில் இருந்த எங்கள் பெரியம்மா மகள் பிலோமினா அக்காவை அழைத்தாள். அக்காவும் முயன்று பார்த்தாள்.

“இங்கேஜ்தான் டொறீன். சாவு வீட்டுல மட்டுந்தான் இப்படி அடிக்கும். எங்க அப்பா போனப்பவும் ரெண்டு நாள் லைன் கெடைக்கல.”

“ஐயோ, யாரக்கா?”

“ஒஸ்வல்டுக்குத்தானே பிரஷர்.”

அவ்வளவுதான் விசாரணை. தீர்ப்பு ஆகிவிட்டது.

திங்கள் காலை தீர்ப்பு முழுதாக வந்து சேர்ந்தது. ஒஸ்வல்ட் அதை அச்சடித்து, எதிர்ப்பக்கத்துக்கும் நீதவானுக்கும் பிரதி எடுக்க போட்டோகொப்பிக் கடைக்கு ஓடினார். அவர் தெருமுனை திரும்பியதும் வாசலில் ஒப்பாரி கேட்டது. பிலோமினா அக்கா மலர் வளையத்தோடு நின்றாள். கையில் சாவு வீட்டுத் தெருவில் கட்டுகிற வெள்ளைக்கொடிக் கயிறு.

“மார்கிரட்டு! ஒன்ன இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாரே!”

“இப்பதான் போனாரு. மத்தியானம் வந்துருவாரு அக்கா.”

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னும் பலமாக அழுதாள். அவளை உட்காரவைத்து விஷயத்தை விளக்கியபோது ஒரு கேள்விதான் எனக்கு வந்தது.

“வழியில யார்கிட்டயும் சொன்னீங்களா?”

“பஸ் ஸ்டாண்டுல சண்முகராஜாவப் பார்த்தேன். கோர்ட்டுல சொல்றேன்னு ஓடினாரு.”

அப்போதுதான் பிரிண்டரில் ஒரு தாள் கிடப்பதைக் கண்டேன். தீர்ப்பின் கடைசிப் பக்கம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் பக்கம் அதுதான். எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா மலர் வளையத்தை விடாமல் பின்னால் வந்தாள்.

வழக்கறிஞர் ஒருவர் இறந்தால் நீதிமன்றம் எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். நாங்கள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். சண்முகராஜா கைக்குட்டையால் கண்ணை மூடியிருந்தார். புஹாரியால் மட்டும் மௌனம் காக்க முடியவில்லை.

“மௌத்தாகிட்டீங்களே சேர்! என் வண்டியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்களே!”

கடைசி வரிசையில், போட்டோகொப்பிக் கடையிலிருந்து அப்போதுதான் வந்து, பிரதிகளை நெஞ்சோடு அணைத்து, தலையைக் குனிந்து மரியாதையாக நின்றுகொண்டிருந்தார் ஒஸ்வல்ட். நான் அவர் பின்னால் போய் நின்றேன். தன் பக்கத்தில் நின்ற நீதிமன்ற ஊழியர் அழகையாவிடம் அவர் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு போனது?”

அழகையா கண்ணைத் திறக்கவில்லை. “ஒஸ்வல்ட் சேர்தாங்க. தங்கமான மனுசன். பேச ஆரம்பிச்சா நிப்பாட்டத்தான் தெரியாது.”

“எப்பவாம்?”

“வெள்ளிக்கிழமையே.”

ஒஸ்வல்ட் உண்மையிலேயே கொஞ்சம் யோசித்தார். நான் அவருடைய கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“கடைசிப் பக்கத்த விட்டுட்டு வந்துட்டீங்க.”

மௌனத்தில் என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. அழகையா கண்ணைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். புஹாரி உட்காரும் வாங்குகளைத் தாண்டி வந்து ஒஸ்வல்டின் கையைக் கிள்ளிப் பார்த்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“காலஞ்சென்றவர் சார்பில் யார் ஆஜராகிறார்?”

“நானே ஆஜராகிறேன், கனம் நீதவான் அவர்களே. என் கட்சிக்காரரின் வழக்கை ஒத்திவைக்க வேண்டிய அவசியம் இல்லை.”

கடைசிப் பக்கத்தை நீதவான் இரண்டு முறை வாசித்தார். வண்டியை விடுவித்தார். மாலையில் புஹாரி அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின் இருக்கையில் கோழி உட்கார்ந்திருந்தது. இறங்க மறுத்ததாம்.

சில வருடங்கள் கழித்து, சண்டை மறுபடி மூண்டிருந்த நாட்களில், ஒஸ்வல்ட் தூக்கத்திலேயே போனார். இந்த முறை சண்முகராஜா முதலில் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை நெடுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நீதிமன்றத்தில் சொன்னார். அடக்கம் முடிந்த பின் ஒருநாள் அவருக்காக மௌனம் காத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். புஹாரிதான் த்ரீவீலில் கூட்டிப்போனார்.

மௌனம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். புஹாரி உட்காரவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றார்.

நானும் நின்றேன்.