மாப்பிள்ளையின் மெஷின்

எங்கள் அச்சகத்தில் முதலாளியின் மருமகனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். அவர் காதுபடப் பேசும்போது மட்டும் சார். அவரை நான் வெறுத்தேன். மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன்: அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தினமும் வேலைக்கு வந்தேன்.

காரணம் என் தங்கை. இதே அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு பாடப்புத்தகம் தலைகீழ்ப் பக்கங்களோடு அச்சாகி வந்தபோது, "சரின்னு சொன்னது மாப்பிள்ளை சார்தான்" என்று கூட்டத்தில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். அடுத்த வாரமே முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு மெயில், அவள் பெயரில், அலுவலகம் முழுவதற்கும் போனது. அன்றே அவளை வெளியே அனுப்பினார்கள். "நான் எழுதலக்கா" என்று என் மடியில் விழுந்து அழுதாள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதற்குப் பிறகு எந்த அச்சகமும் அவளை வாசற்படி ஏற்றவில்லை.

அலுவலக மெயிலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் பெயரை வேண்டுமானாலும் போட்டு மெயில் அனுப்பிவிடலாம். எந்த மெஷினிலிருந்து புறப்பட்டது என்ற எண் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டே வரும். அந்த மெயிலில் இருந்தது, மாப்பிள்ளை பெருமைக்காக வீட்டில் வைத்திருந்த சர்வரின் எண். முதலாளியிடம் ஓடினேன்.

"பேரு உன் தங்கச்சி பேருதானே? நம்பரைக் காட்டி என் மாப்பிள்ளையைப் பிடிக்கப் பாக்குறியா? அது தன்னோட மெஷின்னு அவர் சொன்னாரா?"

சொல்லவில்லைதான். சொல்லவைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

போலி மெயில் தொல்லை பெருகியபோது, ஃபில்டர் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள மெஷின்களின் பட்டியல் ஒன்று. மெயிலில் எங்கள் சர்வரின் முத்திரை இருக்கிறதா என்ற சோதனை ஒன்று. இரண்டிலும் தோற்றால் நேரே குப்பை. பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்தேன், வரவேற்பறை ஸ்கேனரைக்கூட. மாப்பிள்ளையின் மெஷினை மட்டும் விட்டுவிட்டேன். அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஃபில்டர் எப்போது கொல்லும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

வீட்டிலிருந்து அவர் அனுப்பிய சுற்றறிக்கைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. ஒருவரும் தேடவில்லை. பைண்டிங் அண்ணன் மட்டும், "என்னம்மா, கொஞ்ச நாளா ஆபீஸே நிம்மதியா இருக்கு" என்றார்.

கடைசியில் மாப்பிள்ளையே என் மேஜைக்கு வந்தார். "என் மெயிலையே குப்பைல போடுதா உன் ஃபில்டர்?"

"அது யாரோட மெஷின்னு அதுக்குத் தெரியாது சார். உங்களோடதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பினீங்கன்னா சேர்த்துடறேன். முதலாளிக்கும் ஒரு காப்பி போட்டுடுங்க."

"அனுப்பறேன். சும்மா சேர்த்தா போதாது. அந்த மெஷின்லேருந்து வந்த மெயில் எல்லாம் தனி ஃபோல்டர்ல, எல்லார் பெட்டியிலயும் மேலேயே நிக்கணும்."

"பழைய மெயிலுமா சார்?"

"எல்லாம்னா எல்லாம்தான். ஒரு தடவை சொன்னா புரியாதா?"

புரிந்தது. ஆபீஸ் கணினியிலிருந்தே, முதலாளிக்கும் காப்பி போட்டு, அவர் எழுதினார்: 'அந்த மெஷின் என்னுடையது. என்னைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை.' இரண்டாவது வரியை நான் கேட்கவே இல்லை. பெருமை சும்மா இருக்குமா? சொன்னபடி விதியை எழுதி, சர்வரில் கிடந்த பழைய மெயில்கள் மீதும் ஓடவிட்டேன். இனித்தது.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். அவர் திரையில் அந்த ஃபோல்டர் திறந்திருந்தது. மாப்பிள்ளையின் சுற்றறிக்கைகளுக்கு நடுவே என் தங்கையின் பெயர். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லுங்க மாப்பிள்ளை, அந்தப் பொண்ணோட மெயில் உங்க வீட்டு மெஷின்ல என்ன பண்ணுது?"

அவர் தலை மெல்லக் குனிந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

முதலாளி என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது எங்க குடும்ப விஷயம்மா. உன் தங்கச்சியை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு. மத்தது இந்த நாலு சுவத்துக்குள்ளேயே இருக்கட்டும்."

"அவ பேரு கெட்டது நாலு சுவத்துக்குள்ள இல்லையே ஐயா."

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் ஐயா. எல்லார் பெட்டியிலயும் மேலேயே நிக்கணும்னு சார்தான் சொன்னாரு."

கதவு சாத்தியிருந்தும் எங்கள் மூவருக்கும் கேட்டது. வெளியே, அந்த ஃபோல்டரைத் திறந்தவர்கள் நிறுத்த நிறுத்த, அச்சு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன.