பக்கத்து விரிசல்

மக்கிலாலா மலைச்சரிவில் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் மெர்லிண்டாவுக்கு அந்த அக்டோபரில் எதை நம்புவதென்றே தெரியவில்லை.

மாத நடுவில் ஒருநாள் மாலை பூகம்பத்தில் வீடு முதன்முறையாகக் குலுங்கியது. கிழக்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. "பெருசு வந்துட்டுப் போயிடுச்சு, இனி வர்றதெல்லாம் சின்னதுதான்" என்று ஊரே சொன்னது. அவளும் கணவன் அர்செனியோவும் சிமெண்ட் பூசி வெடிப்பை அடைத்தார்கள்.

இரண்டு வாரம் ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தையதைவிட வலுவாக இன்னொன்று வந்தது. பூசிய சுவர் நின்றது. ஒரு கீறலும் இல்லாதிருந்த மேற்குச் சுவர் சரிந்தது. வாழைத்தோட்டத்து ஓரம் தார்ப்பாய் கட்டிக் குடியேறினார்கள்.

வியாழன் காலை அர்செனியோ வீட்டுப் பக்கம் பார்த்தான். "அரிசி மூட்டை உள்ளேயே கெடக்கு. எடுத்துட்டு வந்துடவா?"

மெர்லிண்டா யோசித்தாள். "அப்போ வந்தது பெருசில்ல, இதுதான் பெருசு போல. இனிமே குட்டிங்கதான். போ, சீக்கிரம் வந்துடு."

"குட்டி கடிக்காதாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தரை தூக்கிப் போட்டது. தூசி அடங்கியபோது அங்கே வீடு இல்லை. அக்கம்பக்கத்தார் தகரத்தைப் பிய்த்தெறிந்து அவனை வெளியே இழுத்தார்கள். அரிசி மூட்டை உத்தரத்தைத் தாங்கியதால் நெஞ்சு தப்பியது, இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

பத்து நாள் கழித்து, நிலவெடிப்புகளை அளக்க வந்த கிளாரிசா என்ற பெண்ணை நிவாரண முகாமில் மடக்கினாள் மெர்லிண்டா.

"மேடம், மூணுல எது பெரிய பூகம்பம், எது அதோட வாலு?"

"வாலுன்னு தள்ள முடியாது, அக்கா. இந்த மலைக்கடியில விரிசல் ஒண்ணு மட்டும் இல்ல, பக்கத்துப் பக்கத்துல நிறைய இருக்கு. ஒண்ணு நழுவினா அதோட பாரம் பக்கத்து விரிசல் மேல ஏறும். அது ஏற்கெனவே இறுகி நின்னா, அதுவும் நழுவிடும்."

"இப்போ பாரம் எது மேல இருக்கு?"

"அதுதான் சரியாத் தெரியல."

"படிச்ச உங்களுக்கே தெரியலைன்னா, அந்த மனுசனைப் போன்னு சொன்ன எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

கிளாரிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மெர்லிண்டாவுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

டிசம்பருக்குள் மூங்கிலில் தாழ்வாக ஒரு குடிசை போட்டார்கள். அந்த மாதமே ஒரு ஞாயிறு மதியம் மறுபடியும் ஆடியது, இந்த முறை தெற்கே எங்கோ. குடிசை கிறீச்சிட்டு நின்றுவிட்டது. அடுப்பிலிருந்த பச்சைப்பயறுக் குழம்பு மட்டும் கவிழ்ந்தது. கட்டிலில் கிடந்த அர்செனியோ இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான்.

"என்னடி, இது பெருசா, குட்டியா?"

"என்னைக் கேக்காதே!" என்று கத்தினாள் மெர்லிண்டா. தரையில் சிந்தியதைத் துடைக்கக் குனிந்தவள், தான் ஏன் அழுகிறோம் என்று புரியாமலே அழுதுகொண்டிருந்தாள்.