காசு கேட்காத உதவியாளன்

"மீட்டிங்ல உட்கார்றதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?" என்று கேட்டான் சுகுமாறன்.

அவன் மனைவி நிரஞ்சனிக்கும் அதே சந்தேகம்தான். பகலில் அவளுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. மிச்ச நேரத்தை 'பொட்டலம்' விழுங்கியது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பவும் வந்ததைப் பிரிக்கவும் அவள் எழுதி, இலவசமாகப் பொதுவில் வைத்த மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அதை ஏற்று மென்பொருளில் சேர்க்கும் உரிமை, அதற்கான சாவி, அவளிடம் மட்டும். எங்கெங்கோ இருக்கும் நிறுவனங்களெல்லாம் அதைப் பயன்படுத்தின. நன்றி சொல்லி ஒரு வரி வந்ததில்லை; பழுதானால் திட்டு மட்டும் தவறாமல் வரும்.

இந்த நிலையில்தான் ஓர் அறக்கட்டளை முளைத்தது. இப்படிப்பட்ட கோப்புகளுக்கு விதி எழுதும் சர்வதேசக் குழுவில் அவள் சேர வேண்டுமாம். பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புகின்றன, இலவசமாக எழுதுகிறவர்களுக்கு அங்கே வாயே இல்லை, ஆகவே அவள் செலவிடும் நேரத்துக்குத் தாங்கள் பணம் தருவதாகச் சொன்னது.

சுகுமாறன் வங்கியில் மோசடிப் புகார் பிரிவில் இருப்பவன். "முதல்ல பணம் தரேம்பான். அப்புறம் அக்கவுண்ட் நம்பர் கேப்பான். கடைசில நீ என் கவுண்டர்ல வந்து அழுவே. நம்பர் எடுத்துட்டு உட்காருங்க மேடம்னு நான் சொல்லணும் லா."

"உன் கவுண்டருக்கு ஏன் வரேன்? பக்கத்து கவுண்டர் ஆள் சிரிச்சுப் பேசுவாரு."

இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் அறக்கட்டளைக்காரரைப் பார்க்கப் போனாள். தொலைத்தொடர்பு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மார்க்கிரட் என்ற அம்மாள் மூலை மேசையில் காத்திருந்தார்.

"ஆன்டி, உங்களுக்கு இதுல என்ன லாபம்?" உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள் நிரஞ்சனி.

"ரசம் ஊத்தட்டும், சொல்றேன்," என்றார் மார்க்கிரட். "விதியை எழுதுறவங்க ஒரு பக்கம், புரோகிராம் எழுதுறவங்க ஒரு பக்கம்னு இருந்தா ரெண்டும் ஒட்டாதும்மா. அவ்வளவுதான்."

"நான் யாருக்காகப் பேசணும்?"

"உனக்குப் பட்டதைப் பேசு. எங்ககிட்ட காசு வாங்குறதையும் அங்க சொல்லிடு. வியாழக்கிழமை ஒரு மீட்டிங் இருக்கு. சும்மா உட்கார்ந்து பாரு. சைன் எல்லாம் அப்புறம்."

எழுந்தபோது தன் சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கொடுத்தார். "உனக்கும் சேர்த்துக் குடுத்தா அதுக்கும் சந்தேகப்படுவே."

அது நிஜம்தான். வீடு திரும்பும் வழியெல்லாம், இவ்வளவு விவரமாகப் பேசுகிறவரை எப்படி நம்புவது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள்.

நம்பிக்கைக்குரிய ஆள் ஒருவன் இருந்தான்: லூக்கா. நேரில் பார்த்ததில்லை. பொட்டலத்துக்கு மாதக்கணக்கில் சின்னச்சின்னத் திருத்தங்களாக, பிசிறில்லாமல் அனுப்பி வந்தான். ஒரு காசு கேட்டதில்லை. குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எழுதினான்: 'உங்களுக்கு வேலை கூடும். சாவியில் எனக்கும் பங்கு கொடுங்கள். பொட்டலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

"இவன் மனுஷன்," என்றான் சுகுமாறன். "காசைப் பத்திப் பேச்சே இல்ல பாரு."

வெள்ளிக்கிழமை சாவி தருவதாக லூக்காவுக்கு வாக்குக் கொடுத்தாள்.

வியாழன் பிற்பகல் விடுப்பு எடுத்து, வீட்டிலிருந்தே கூட்டத்தில் சேர்ந்தாள். கேமராவை மட்டும் திறக்கவில்லை. வெளியே காப்பார் சாலையில் லோரிகள் உறுமிக்கொண்டு போயின. கொட்டாவி வரும் பேச்சு. பிறகு பிரேசில்காரி ஒருத்தி பேசினாள். ஒரு கோப்புக் கட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று முன்னால் ஒரு பட்டியல், பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் கட்டையே நிராகரிக்க வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் வைரஸ் சோதனை முன்பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகும். பிரிக்கும் மென்பொருள் பின்பட்டியலைப் பார்த்து ஒளித்து வைத்ததை வெளியே எடுக்கும்.

நிரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுங்கத்துக்கு ஒரு தாள், கிடங்குக்கு ஒரு தாள். துறைமுகத்தில் அவள் தினமும் தேடிப் பிடிக்கிற தில்லுமுல்லு.

பொட்டலம் இதுவரை அத்தகைய கட்டுகளை நிராகரித்தே வந்தது. லூக்கா கடைசியாக அனுப்பிய திருத்தமோ, 'பழைய கட்டுகள் திறக்க மாட்டேன் என்கின்றன' என்று சொல்லி, பின்பட்டியலைச் சத்தமில்லாமல் ஏற்க வைப்பது. சாவி கைமாறியதும் முதல் வேலையாக அதைச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் பொட்டலத்தின், எல்லோரும் படிக்கும் பொதுப் பக்கத்தில் லூக்காவிடம் கேட்டாள்: 'திறக்காத பழைய கட்டு ஒன்றைக் காட்டுங்கள்.'

பதில் பொதுவில் வரவில்லை. தனியாக வந்தது. 'களைத்திருக்கிறீர்கள், நிரஞ்சனி. சாவியைத் தாருங்கள், ஓய்வெடுங்கள்.'

தனிச்செய்தியை அப்படியே பொதுப் பக்கத்தில் போட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள். மறுநாள் காலையில் லூக்காவின் கணக்கே இல்லை. சாவி அவளிடமே இருந்தது.

சுகுமாறன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "காசு கேக்காதவனை எங்க பிரிவுல நாங்க விசாரிக்கிறதே இல்லடி," என்றான் மெதுவாக.

நிரஞ்சனி மார்க்கிரட்டை அழைத்து நடந்ததைச் சொன்னாள். "குழுவில சேர்றேன் ஆன்டி."

"இப்ப எங்களை நம்புறியா?"

"இன்னும் இல்ல. அந்த விதி சேர்ற வரைக்கும் அங்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கணும். அதுக்காக வரேன்."

"அது போதும்மா. அக்கவுண்ட் நம்பரை அனுப்பி வை."

நிரஞ்சனி போனைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கவுண்ட் நம்பர் கேக்கிறாங்க. உன் கவுண்டர்ல இப்பவே நம்பர் எடுத்து வச்சுக்கட்டுமா?"