எல்லோருக்கும் தெரிந்த எண்

இடது முழங்கை மடிப்பில் காலையில் கஞ்சி கொட்டிக் கொப்பளித்துவிட்டதால், சுகிர்தம் டீச்சர் அன்றைக்கு வலது கையை மேசைமேல் நீட்டினாள். எதிரே பிரஷர் பெட்டி, அதைச் சுற்றி மூன்று பயிற்சிப் பெண்கள். ரத்த அழுத்த ஆராய்ச்சிக்காகக் கம்பம் பள்ளத்தாக்கில் வீடுவீடாக ஏறி இறங்கப்போகிறவர்கள். பண்ணைப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஆடிக்காற்று அதன் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

டீச்சரின் பிரஷர் நூற்றுப் பதினெட்டு. புதிதாக வருகிற பெண்கள் முதலில் அவள் கையில் அளந்து அந்த எண்ணைக் கொண்டுவர வேண்டும், வந்தால் தேறினார்கள். இந்தப் பக்கத்தில் நாடி பார்க்கப் பெண்கள் இடக்கையைத்தான் நீட்டுவார்கள். கருவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, பாடம் நடத்துகிறவளையும் விடவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை, ஏழாம் மாதம். மண்டையைப் பிளக்கிற தலைவலி என்று ஆராய்ச்சி டாக்டரிடம் சொன்னதற்கு, உங்கள் கையை வைத்துத்தான் மற்றவர்களையே சரிபார்க்கிறோம், உங்களுக்கென்ன என்று சிரித்துவிட்டார். அவளும் நம்பினாள். பிள்ளைக்கு ஏங்கிக் கிடந்தவள் வேறு எதைத்தான் நம்புவாள்?

கிருபாவதி அளந்துவிட்டு நூற்றுப் பதினெட்டு என்றாள். கருத்தம்மாளும் அதையே சொன்னாள். மூன்றாவதாக வந்த பூமாரி, ரப்பர் உருண்டையை அமுக்கிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு முழித்தாள்.

"டீச்சர், நூத்தம்பது வரைக்கும் ஏத்திட்டேன். அங்கனயே சத்தம் கேக்குது. இன்னும் மேல ஏத்தவா?"

பட்டையைச் சரியாகக் கட்டத் தெரியவில்லை என்று டீச்சர் கடிந்துகொண்டாள். தானே இறுக்கிக் கட்டி மறுபடி அளக்கச் சொன்னாள். பாதரசம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது. கூட்டத்தைவிட்டு விலகி நிற்கிற எண்ணை அளந்தவரின் பிழையென்று ஒதுக்கிவிடலாம் என்று போன வாரம்தான் அவள் பாடம் நடத்தியிருந்தாள். இரண்டு பேருக்கு எதிராக ஒருத்தி. ஒதுக்கத்தான் நினைத்தாள். ஆனால் கருத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கும் அப்படிக் கேட்டதா என்று டீச்சர் விசாரித்தாள்.

"கேட்டுச்சு டீச்சர். ஒங்களுக்கு நூத்திப் பதினெட்டுன்னு எல்லாரும் சொன்னாக. நாந்தான் தப்பா எடுக்குறேன்னு நெனச்சேன்."

கிருபாவதியும் ஆமென்று தலையாட்டினாள். டீச்சருக்கு வந்த கோபம் ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. உடனே பயம் வந்தது. இரண்டு மணிக்கட்டையும் பூமாரியிடம் நீட்டி, சேர்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். வலப்பக்கம் திமுதிமுவென்று அடித்தது. இடப்பக்கத்து நாடியைப் பூமாரி விரலால் தேடவேண்டியிருந்தது.

இடது கைக்குப் போகிற ரத்தக்குழாய் எங்கோ சுருங்கியிருக்கிறது. எல்லோரும் பாராட்டிய அந்த எண், அடைப்பைத் தாண்டிக் கசிந்து வந்த மிச்சம். வலது கை காட்டியதுதான் உடம்பின் அழுத்தம். ஏழு மாத வயிற்றோடு அது இந்த அளவுக்கு ஏறினால் தாய்க்கு வலிப்பு வரும், உள்ளே பிள்ளை அடங்கிப்போகும் என்பதும் அவள் நடத்துகிற பாடம்தான்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு டாக்டர் மயிலாடும்பாறைப் பக்கம் போயிருந்தார். தேனி ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற எந்த வண்டியானாலும் மறிக்கும்படி டீச்சர் சொன்னதும் கிருபாவதி ரோட்டுக்கு ஓடினாள். டீச்சரைப் பெஞ்சில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். காலையிலிருந்து பிள்ளை அசைந்ததா என்று யோசித்தாள். கஞ்சி கொட்டியது, பஸ் பிடித்தது, பாடம் எடுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. அது மட்டும் வரவில்லை.

பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற குழலைப் பூமாரி கையில் எடுத்தாள்.

"கேக்குறதச் சொல்லு பூமாரி. எனக்காக எதையும் சொல்லாத."

பூமாரி மண்டியிட்டுக் காதை வைத்தாள். கருத்தம்மாள் போய்க் கதவை அடிக்கவிடாமல் முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள். என்ன எண் வரவேண்டும் என்று இந்த முறை யாருக்கும் தெரியாது. பூமாரி குழலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.