ஒட்டுப்போட்ட கால்சட்டை

"பாத்து, திருப்பத்துல தலை இடிக்கும்" என்றாள் புருல்.

அவள் அப்பா கசிமாலியைக் கம்பளத்தில் சுற்றி நான்கு பேர் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இனி தலை இடித்தால் என்ன, இடிக்காவிட்டால் என்ன. நான்கு வருடமாக எதற்கெடுத்தாலும் அவரிடம் பாத்து, பாத்து என்றே பழகிய வாய், சும்மா இருக்கவில்லை.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. பக்கவாதம் வந்து வலது கைகால் விழுந்துபோனபின் அவர் இந்தப் படிகளில் இறங்கியதை அவள் பார்க்கவே இல்லை. கீழே முற்றத்தில் டோமினோ ஆடும் மேசைக்குப் போக வேண்டும் என்று முதல் வருடம் குழறிக் குழறிக் கேட்டார். பனி உருகட்டும் என்றாள். உருகியது. இதே நான்கு பேரைக் கேட்டிருந்தால் தூக்கிப் போயிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. ஊர் பார்க்குமே என்று அவளுக்குத்தான் கூச்சம்.

அக்கம்பக்கத்தில் விருந்து என்றால் மூத்தவருக்கென்று முறைப்படி ஒதுக்கும் தொடைக்கறி பையில் கட்டி வீட்டுக்கே வந்துவிடும். பெரியவரை அலையவிடக் கூடாதாம். மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளும். பையைக் கண்டால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் பிய்த்து ஊட்டுவாள். இடது கையால் தானே தின்பார்தான். ஒரு மணி நேரம் ஆகும், மேலெல்லாம் சிந்தும். யார் துவைப்பது?

முற்றத்தில் இழவுக்கென்று கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும், மகள்தான் தொடங்க வேண்டும். புருலுக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அப்பாவைக் கூண்டில் போட்டு வைத்துவிட்டேனோ என்று ஒரே கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. சித்தி முதுகில் இடித்துப் பார்த்தாள். புருல் எழுந்து வெளியே வந்தாள்.

குளிப்பாட்டி முடித்தவர்களுக்குச் செத்தவரின் துணிகளைக் கொடுப்பது வழக்கம். அவர்களில் ஒருவரான அப்பாவின் கூட்டாளி, இரண்டாம் மாடி துர்தகுனுக்கு நல்ல கோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இது வேணாம்மா. அந்த ஒட்டுப்போட்ட கால்சட்டை இருக்கே, அதக் குடு."

"அதக் குப்பைல போடலாம்னு வச்சிருக்கேன், மாமா. உக்கார்ற எடமெல்லாம் தேஞ்சு போச்சு."

"தேயாம என்ன பண்ணும்? நீ ரொட்டிக் கடை வேலைக்குக் கெளம்புனதும், கசிமாலி உக்காந்து உக்காந்தே எங்க வாசல் வரைக்கும் எறங்கி வந்துருவான். படியிலயே டோமினோ ஆட்டம். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். தெரிஞ்சா நீ கதவப் பூட்டிட்டுப் போயிருவியாம்."

பூட்டியிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

"ஜெயிப்பாரா?" என்றாள் கடைசியில்.

"ஏமாத்துவான்."

கால்சட்டையை எடுத்துவர மேலே போனாள். மூன்று தடவை ஒட்டுப்போட்டது. ஒவ்வொரு தடவையும், நாற்காலியிலேயே கிடந்து தேய்க்கிறீர்களே என்று அவரைத் திட்டியிருக்கிறாள். அவர் கோணிய வாயால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

கதவைச் சாத்திவிட்டு மேல்படியில் உட்கார்ந்தாள். கால்சட்டையை மடியில் வைத்து, வலது கையை அதன்மேல் அசையாமல் போட்டாள். இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள். இடுப்பில் சுரீரென்றது. இன்னொரு படி. இன்னொன்று.

கீழே சித்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் மாடிக்கு இன்னும் ஐம்பத்தொரு படி இருந்தது.