விண்ணப்பப் பெட்டியில் நாற்பத்தேழு சீட்டுகள்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்ப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது. பளபளவென்று கதவு, பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியும். கதவுக்குப் பின்னால் செங்கல் சுவர். லிஃப்டுக்கென்று வந்த பணம் எங்கே போனது என்று அப்போதைய நகராட்சித் தலைவர் மேல் வழக்கு நடக்கிறது. அவர்தான் இந்தத் தேர்தலில் நிற்கிறார். ஊருக்குள் அவர் பெயரே லிஃப்ட்காரர்தான்.

என் வீட்டுக்காரர் வாரம் இரண்டு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அறுபத்து நாலு படி ஏறுகிறார். "மேல போனா ஊசி போட்டு வலியை எடுக்கறாங்க. இறங்கறப்ப படி திருப்பிக் குடுத்துடுது" என்பார்.

நான் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்தவள். ஓய்வு பெற்றபின் பிரார்த்தனைக் கூடத்தில் விண்ணப்பச் சீட்டுகளைப் பிரிக்கிறேன். எல்லோருக்கும் நான் தபாலம்மா. வாசலில் ஒரு பெட்டி. யாருக்காகப் பிரார்த்திக்க வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள், எழுதியவர் பெயர் இருக்காது. ஒரே விஷயமாக வந்தவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவேன். கட்டுக்கு ஒரு பிரார்த்தனை. ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் குரு, நான் தட்டில் அடுக்கி வைத்ததை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பார். படித்துவிட்டு, "வந்திருக்காரா?" என்று கேட்பார். யாருக்காகப் பிரார்த்தனையோ அவர் கூடத்தில் இருந்தால் எழுந்து மேடைக்குப் போக வேண்டும். குரு அவர் தலையில் கை வைப்பார். ஒன்பது வருஷத்தில் இது மாறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை கூடத்து மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"தபாலம்மா, நாளைக்கு லிஃப்ட்காரர் வர்றார். லிஃப்ட் பத்தின சீட்டெல்லாம் எடுத்து ஓரமா வெச்சுடுங்க."

"எதுக்கு?"

"கடைசியில ஐயா அவருக்கு ஓட்டுப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லப்போறார். அதுக்கு நடுவுல இதெல்லாம் எதுக்கு?"

எனக்கு நம்ப முடியவில்லை. நேராகக் குருவின் அறைக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து, பிய்ந்துபோன செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவரா அப்படிச் சொல்லப்போகிறார் என்று எனக்கு மனசு ஆறவில்லை.

"நிஜமா ஐயா?"

"கேஸ்தானேம்மா. தீர்ப்பு இன்னும் வரலையே" என்றார். "கூடத்துக் கூரையை மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கார். மழை வந்தா ஜனங்க நனையறாங்க."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாளைக்கு அந்த வார்த்தையை அவர் சொல்லிவிட்டால், ரப்பர் பேண்ட் டப்பாவை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது, அப்புறம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

லிஃப்ட் சீட்டுகள் நாற்பத்தேழு இருந்தன. தனியாகக் கட்டினேன். பிறகு நானும் ஒரு சீட்டு எழுதி, தட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன்.

ஞாயிறு காலை லிஃப்ட்காரர் முன்வரிசையில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மேனேஜர் குனிந்து சொல்லிக்கொடுத்தது எனக்கும் கேட்டது. "சீட்டெல்லாம் முடிஞ்சதும் ஐயா 'வந்திருக்காரா'ன்னு கேப்பார். நீங்க டக்குன்னு எழுந்து மேடைக்கு வந்துடுங்க." லிஃப்ட்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

குரு உட்கார்ந்தார். நான் தட்டைப் பார்த்தேன். அந்த நாற்பத்தேழும் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தன. தபால் நிலையத்தில் தனியாகக் கட்டிய கட்டு என்றால் அவசரத் தபால், முதலில் போக வேண்டியது. முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் ஓரமாக வைக்க வேண்டியதைக் கை மேலே வைத்திருக்கிறது. எழுந்து போய் எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. வைத்தது கைத்தவறு, விட்டது நான்.

"அரசு மருத்துவமனையில் லிஃப்ட் வைக்காமலே வைத்ததாகச் சொன்னவருக்கு நல்ல புத்தி வர வேண்டும்." பாதியிலேயே குருவின் குரல் இறங்கிவிட்டது. கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாப்பத்தேழு பேர் எழுதியிருக்காங்க."

எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் பிரார்த்தித்து உட்கார்ந்தோம். வழக்கத்தை விட முடியாமல் குரு மெதுவாகக் கேட்டார்: "வந்திருக்காரா?"

அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் காதில் அது மட்டும் விழுந்தது. போனைப் பையில் போட்டார், டக்கென்று எழுந்தார், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார், சிரித்த முகமாக மேடையேறினார். பின்னால் யாரோ கைதட்ட, கூடமே தட்டியது. அவர் கையை உயர்த்தி அசைத்தார். அத்தனை கைதட்டல் அவர் கட்சிக் கூட்டத்தில்கூடக் கிடைத்திருக்காது. குனிந்து தலையைக் காட்டினார், குரு கை வைத்தார்.

"தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும் தலைவரே" என்றார் என் வீட்டுக்காரர், முன்வரிசையிலிருந்து. "லிஃப்ட் எப்ப வரும்?"

லிஃப்ட்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"ஐயா, அந்த வார்த்தையை இப்பவே சொல்லிடுங்க" என்று மேனேஜர் கிசுகிசுத்தார்.

"சீட்டு முடியலையே" என்றார் குரு.

ஒரு பரீட்சை, ஒரு பிரசவம், இரண்டு காய்ச்சல் படித்தார். கடைசியாக என்னுடையது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"நாங்கள் நம்பும் ஒருவர், சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை இன்று சொல்லாமல் இருக்க வேண்டும்."

கூடம் எழுந்து பிரார்த்தித்தது. யாருக்கென்று பலருக்குத் தெரியாது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு குரு "வந்திருக்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்தார். தன் கையைத் தூக்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார்.

பிறகு, "இன்னிக்கு அறிவிப்பு ஒண்ணும் இல்லை. போயிட்டு வாங்க" என்றார்.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். ரப்பர் பேண்ட் டப்பாவை யாரிடமும் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெட்டியில் ஒரு சீட்டு. குருவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன், ஓரமாக வைக்கவில்லை. மறுநாள் ஒழுகும் கூரைக்குக் கீழே அதை அவரே படித்தார்: "போன வாரம் என்னைக் கீழே விழாமல் பிடித்தவருக்கு மூட்டுவலி வராமல் இருக்க வேண்டும்."

"வந்திருக்காரா?" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். "எழுந்திரும்மா. மூணே படிதான்."