ரோல் நம்பர் இல்லாத தாள்

என் ஆய்வுக்கான கருத்துக்கணிப்பின் முடிவுகள் மிக அழகாக வந்திருந்தன. நிறுவனங்கள் சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பேற்க வேண்டுமா என்று நான் பாடம் எடுக்கும் மேலாண்மை மாணவர்களிடம் கேட்டிருந்தேன். கிட்டத்தட்ட எல்லோரும் எல்லா வாக்கியத்துக்கும் ‘முழுமையாக ஏற்கிறேன்’ என்று குறித்திருந்தார்கள். வம்பே அங்கேதான். ‘லாபம் தவிர நிறுவனத்துக்கு வேறு பொறுப்பே கிடையாது’ என்று வேண்டுமென்றே திருப்பிப் போட்டிருந்த ஒன்பதாவது வாக்கியத்தையும் அதே வேகத்தில் ஏற்றிருந்தார்கள்.

“அந்த ஒன்பதாவத தூக்கிடும்மா. மத்ததெல்லாம் ஜோரா இருக்கு,” என்றார் என் ஆய்வு வழிகாட்டி. “அடுத்த வாரம் கமிட்டி முன்னாடி நிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.”

“சரி சார்,” என்றேன். அவரிடம் வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். “உண்மையச் சொல்லுங்க. படிச்சுப் பாத்தா டிக் பண்ணீங்க?”

ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவள் எழுந்தாள். “மேல ரோல் நம்பர் கேட்டிருந்தீங்களே மேடம். இன்டர்னல் மார்க்குக்குன்னு நெனச்சோம். ‘ஏற்கிறேன்’தான் உங்களுக்குப் பிடிச்ச பதில்னு கண்ண மூடிட்டு அடிச்சு விட்டோம்.”

“எனக்குப் பிடிச்சது எதுன்னு யாரு சொன்னா?”

“பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்தா முறைக்கிறீங்களே!”

வகுப்பே சிரித்தது, நானும்தான். அந்த ரோல் நம்பர் கட்டம், ஒரே ஆள் இரண்டு முறை நிரப்பிவிடக் கூடாதே என்று நான் போட்டது. யார் என்று தெரிந்துவிடும் இடத்தில் தலையாட்டத்தானே செய்வார்கள்? நேற்று ‘சரி சார்’ என்றவள் மட்டும் வேறு யாராம்?

வெற்றுத் தாள்களைக் கொடுத்தேன். “பேரு, நம்பர் எதுவும் வேணாம். நீங்க ஒரு சாயப்பட்டறை முதலாளி. லாபத்த நூறு பங்காப் பிரிங்க. ஆத்துல விடுற கழிவுநீரச் சுத்தம் பண்ண எத்தன பங்கு, உங்க பைக்கு எத்தன பங்கு?”

முறைத்துவிடுவேனோ என்று சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தாள்களைப் பெட்டியில் போட்ட பிறகுதான் சண்டை வெடித்தது.

“ஆத்துக்கே எல்லாத்தையும் குடுத்துட்டு நான் விரல் சூப்பவா?”

“டேய், உங்க வீட்டுக் குழாய்ல வர்றதும் அந்தத் தண்ணிதான்டா!”

மணி அடித்தும் ஓயவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

வழிகாட்டி புதிய முடிவுகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “போன தடவ எல்லாம் மகான்களா இருந்தாங்க. இப்ப பாதிப் பேரு ஆத்துக்கு ஒரு பங்குகூட ஒதுக்கலியேம்மா! கமிட்டி கிழிச்சுத் தொங்கவிட்ரும்.”

“கேக்கட்டும் சார். இதுக்கு என்னால பதில் சொல்ல முடியும். அந்த மகான்களோட பதிலுக்கு என்னால முடியாது. ஒன்பதாவதும் உள்ளதான் இருக்கு. எங்க தப்பு பண்ணேன்னும் எழுதிட்டேன்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “டீ குடிக்கிறியா?”

“வேண்டாம் சார்,” என்றேன். அவரிடம் மறுத்துச் சொல்வதும் நன்றாகத்தான் இருந்தது.